மிஷின் சொன்னா முடிஞ்சு போச்சா? கருவிகளோடு புழங்கியவர்களின் அனுபவப் பகிர்வு

தொடங்கி வைப்பவர்:

“சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது.” பல இடங்களில் இந்த ஒரு வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வருகைப் பதிவுப் பெட்டி, கேமரா, பி.பி. மிஷின், கணக்கு மென்பொருள் எல்லாம் இதில் ஒரே ரகம்தான். உள்ளே ஏதோ ஓர் அளவு எடுக்கப்படுகிறது. அந்த அளவு எதைத் தாண்டினால் ‘ஆம்’, எதற்குக் கீழே போனால் ‘இல்லை’ என்று யாரோ ஒருவர் கோடு கிழித்து வைத்திருக்கிறார். கோடு கிழித்தவர் நம் கண்ணில் படப்போவதில்லை. திரையைத் திருப்பிக் காட்டுகிறவருக்கோ அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது.

அந்தந்தக் கருவியோடு புழங்கியவர்கள் எழுதுங்கள். ‘காலம் கெட்டுப்போச்சு’ என்ற புலம்பல் வேண்டாம். எங்கே தவறுகிறது, ஏன், எதிரே நிற்கிறவர் என்ன கேட்கலாம், இவ்வளவு இருந்தால் போதும்.

விரல்ரேகைக் கருவி சர்வீஸ் பார்ப்பவர்:

வருகைப் பதிவிலிருந்தே ஆரம்பிக்கலாம். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை விரலின் படத்தை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று புள்ளிகளைப் பொறுக்கி, அவற்றின் இடத்தையும் சாய்வையும் எண்களாக்கி ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமிக்கும். அடுத்த முறை விரல் வைக்கும்போது புதுப் புள்ளிகளைப் பழையவற்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். மதிப்பெண் த்ரெஷோல்டை, அதாவது மேலே சொன்ன அந்தக் கோட்டைத் தாண்டினால் ‘நன்றி’, தாண்டாவிட்டால் ‘மீண்டும் முயலவும்’.

சிமென்ட், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், பாத்திரம் கழுவும் சோப்பு ஆகியவற்றில் புழங்கும் கைகளில் கோடுகளின் மேடு தேய்ந்திருக்கும். வயதானவர்களின் விரலில் குறுக்கே வெடிப்பு விழும்; அந்த வெடிப்பைக் கருவி ‘கோடு முடிந்த இடம்’ என்று எண்ணிக்கொள்ளும். வறண்ட விரலில் கோடுகள் துண்டு துண்டாகத் தெரியும். ஈர விரலில் ஒன்றோடொன்று ஒட்டித் திட்டாகத் தெரியும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்சிடபைன் மாத்திரை சிலருக்கு ரேகையையே மங்கச் செய்யும். இது மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம். ஆக, ‘விரல் எடுக்கவில்லை’ என்பதற்கும் ‘ஏமாற்றப் பார்க்கிறார்’ என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

பதிவு செய்யும்போதே பாதி வேலை கெட்டுப்போகிறது. விரல் நுனியை வைக்கக் கூடாது. சுழி இருக்கும் நடுப்பகுதி கண்ணாடியின் மத்தியில் படிய வேண்டும். மூன்று முறை கேட்டால் மூன்று முறையும் விரலை முழுக்க எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். பதிவு அன்று எல்லோரையும் கை கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்லுவார்கள், ஆனால் தினமும் வரப்போவது வேலை செய்த கையோடுதான். அதனால் வேலை நேரத்தில், அந்தக் கையோடே பதிவெடுப்பது நல்லது. வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று என இரண்டு விரலாவது ஏற்றிவையுங்கள். கட்டைவிரல் அதிகம் தேயும். ஆள்காட்டி, நடுவிரல் பரவாயில்லை. விரல் வறண்டிருந்தால் நெற்றியில் லேசாகத் தொட்டுவிட்டு வைக்கலாம், அந்த எண்ணெய்ப் பசை போதும். கண்ணாடியில் அழுக்கு இருந்தால் உலர்ந்த மென்துணி அல்லது செலோடேப்பின் ஒட்டும் பக்கம். பூச்சுள்ள சென்சாரில் கண்ட திரவத்தையும் தெளிக்காதீர்கள்.

இனி முக்கியமானது. புகார் அதிகமானால் சர்வீஸ் ஆள் வந்து மெனுவில் த்ரெஷோல்டைக் குறைத்துவிட்டுப் போவார். புகார் நின்றுவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஒருவர் விரல் வைத்தால் இன்னொருவர் பெயர் விழும் வாய்ப்பு ஏறும். ஒரு லட்சம் ஒப்பீட்டில் ஒரு தவறு என்று கருவியின் பெட்டியில் அச்சடித்திருக்கலாம். 1,000 பேர் பதிவான இடத்தில் ஒவ்வொரு முறையும் 1,000 ஒப்பீடு நடக்கிறது. அப்படியானால் நூற்றில் ஒரு முறை தவறான ஆள் தட்டுப்படலாம். இதைத் தவிர்க்க எளிய வழி, முதலில் பணியாளர் எண்ணை அழுத்திவிட்டு விரல் வைப்பது. அப்போது அவருடைய டெம்ப்ளேட்டோடு மட்டும் ஒப்பிடும். பெரும்பாலான பெட்டிகளில் இந்த வசதி இருக்கிறது. வரிசை நீளும் என்று யாரும் போடுவதில்லை.

எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவர்:

விரலைப் பற்றிச் சொன்னீர்கள், கடிகாரத்தை விட்டுவிட்டீர்களே! ‘இரண்டு நிமிஷம் லேட்’ என்று சம்பளம் பிடிக்கிறவர்கள் அந்தப் பெட்டியின் மணி சரியா என்று எப்போதாவது பார்த்திருப்பார்களா?

உள்ளே இருப்பது 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகம். வழக்கமான படிகத்தின் துல்லியம் பத்து லட்சத்தில் 20 பங்கு முன்பின். ஒரு நாளுக்கு 86,400 விநாடி, எனவே தினம் 1.7 விநாடி வரை நழுவலாம். மாதத்துக்கு ஏறத்தாழ 50 விநாடி. ஒரு வருஷம் யாரும் தொடாமல் விட்டால் 10 நிமிஷத்தை எட்டும். இந்தப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் சுற்றி அடிக்கப் பழக்கப்பட்டது; சூடு ஏறினாலும் மெதுவாகும், குளிர் ஏறினாலும் மெதுவாகும். வெயில் அடிக்கும் வாசல் சுவரில் மாட்டினால் 45 டிகிரியில் தினம் ஒரு விநாடிக்கு மேல் கூடுதலாகப் பின்தங்கும்.

மணி பின்தங்கிய பெட்டி காலையில் நமக்கு நல்லது செய்யும், மாலையில் ‘சீக்கிரம் கிளம்பிட்டார்’ என்று மாட்டிவிடும். முந்தி ஓடும் பெட்டி நேர்மாறு. காலையில் எல்லோருக்கும் ஒரே அளவு தாமதம் காட்டுகிறது என்றால் முதலில் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும்.

மின்சாரம் போய்வந்தபின் தேதி 2000 ஜனவரி 1 என்றோ 1970 என்றோ நின்றால், உள்ளே இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்ற ஐந்து நிமிஷம். நெட்வொர்க்கில் இருக்கும் பெட்டியானால் நேர சர்வரோடு தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு உண்டு; அதை ஆன் செய்யாமலே மாட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். சரிபார்ப்பதும் எளிது: மொபைல் நெட்வொர்க் மணியையும் பெட்டித் திரையையும் ஒரே போட்டோவில் பிடியுங்கள். வாதத்துக்கே இடமிராது.

மொபைல் ஆப் செய்பவர்:

இப்போது பெட்டியே வேண்டாம், போனிலேயே ‘இருக்கிறேன்’ அழுத்து என்கிறார்கள். லொகேஷன் வைத்து வருகை. இதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். திறந்த வானத்தில் நல்ல போன் காட்டும் இடம் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் சரியாக இருக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் அது பல மடங்கு விலகும். கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் சிக்னல் பெரும்பாலும் எட்டாது. போன் சுற்றியுள்ள வைஃபையை வைத்துக் கணிக்கும்.

வரைபடத்தில் நீலப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் வருமே, ஆண்ட்ராய்டில் அதன் பொருள் ‘68 சதவீத வாய்ப்பில் இந்த வட்டத்துக்குள் இருக்கிறார்’ என்பது. மூன்றில் ஒரு பங்கு நேரம் ஆள் வட்டத்துக்கு வெளியே இருக்கலாம் என்று கருவியே ஒப்புக்கொள்கிறது! ‘இதற்குள் இருந்தால்தான் வருகை’ என்று ஆப்பில் போடும் எல்லை வட்டம் வேறு; ஆண்ட்ராய்டு வழிகாட்டியே அதன் ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் இருக்கட்டும் என்று சொல்கிறது. ஆனால் மேலிடம் 20 மீட்டர் போடச் சொல்லும். போட்டால் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரே ‘வெளியே’ ஆவார். தினமும் பத்துப் பேர் ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

‘எல்லைக்கு வெளியே’ என்று பதிவானால் அந்தப் பதிவோடு துல்லிய மதிப்பும் சேமிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ‘12 மீட்டர் வெளியே, துல்லியம் 60 மீட்டர்’ என்று இருந்தால் அந்தப் பதிவுக்கு அர்த்தமே கிடையாது. துல்லியத்தைச் சேமிக்காத ஆப் பாதி உண்மையைக் குப்பையில் போட்டுவிட்டது.

கேமரா மாட்டுபவர்:

‘சிசிடிவி இருக்கு, பாத்துக்கலாம்’ என்பதை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்காக எழுதுறேன்.

முதல் கணக்கு, முகம் தெரியுமா? ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பில் இதற்கு எண்ணே கொடுத்திருந்தாங்க. தெரியாத ஒரு ஆளை சந்தேகமில்லாம அடையாளம் சொல்லணும்னா காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேணும். முன்பே தெரிஞ்ச ஆளை இன்னார்னு சொல்ல 125. யாரோ இருக்காங்கன்னு கண்டுபிடிக்க 25. இரண்டு மெகாபிக்சல் கேமராவின் அகலம் 1,920 பிக்சல். 250 ஆல் வகுத்தா 7.7 மீட்டர். அதாவது காட்சியின் அகலம் 7.7 மீட்டரைத் தாண்டினா முகத்தை வெச்சு யாரையும் உறுதியா சொல்ல முடியாது. எல்லாரும் மாட்டுற 2.8 மி.மீ. லென்ஸில் அந்த அகலம் ஏறத்தாழ 3 மீட்டர் தூரத்திலேயே வந்துடும். அதுக்கப்புறம் தெரியறது உருவம் மட்டும்தான். ‘ஜூம் பண்ணு’ன்னு சொன்னா பிக்சல் பெருசாகுமே தவிர புதுசா எதுவும் பிறக்காது.

இன்னொன்று, உயரம். திருடிடுவாங்கன்னு நாலு மீட்டர் மேலே மாட்டினா பதிவாகறது தலைமுடியும் தொப்பியும்தான். மொத்த இடத்தையும் பார்க்க மேலே ஒண்ணு, வாசலில் முக உயரத்துக்குச் சற்று மேலே குறுகின லென்ஸோட ஒண்ணு, இப்படி இரண்டு வேணும். இரவில் அகச்சிவப்பு விளக்கு கிட்ட இருக்கிற முகத்தை வெள்ளையா அடிச்சிடும். ஷட்டர் மெதுவாகிறதால நடக்கிற ஆள் இழுபட்டுத் தெரிவார். பகலில் செக் பண்ணிட்டு ‘சூப்பரா இருக்கு’ன்னு கையெழுத்துப் போடாதீங்க, ராத்திரி ஒருத்தரை நடக்கவிட்டுப் பாருங்க.

அடுத்தது சேமிப்பு. இதில்தான் பலபேர் ஏமாறுறாங்க. ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் எழுதினா ஒரு நாளைக்கு 43 ஜிபி. நாலு கேமராவுக்கு 173 ஜிபி. 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. அதுக்கப்புறம் பழசின் மேலேயே எழுத ஆரம்பிச்சிடும். பத்து நாள் கழிச்சு ‘அன்னைக்கு என்ன நடந்துச்சு’ன்னு கேட்டா ஃபுட்டேஜ் இருக்காது. யாரும் அழிக்கல, தானா அழிஞ்சது. (யாராவது அழிச்சாலும் இதே பதில்தான் கிடைக்கும், அதையும் சொல்லிடணும்.) அதனால சம்பவம் நடந்த அன்னைக்கே, நேரத்தையும் கேமரா எண்ணையும் குறிச்சு, ‘இந்தப் பகுதியைத் தனியா எடுத்து வையுங்க’ன்னு எழுத்தில் கொடுங்க. எடுக்கும்போது ரெக்கார்டர் தர்ற மூலக் கோப்பையே எடுக்கணும். திரையை மொபைலில் படம் பிடிச்சா, நேரத் தகவலும் போச்சு, தரமும் போச்சு. கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண்ணை (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிடுற அடையாள எண்) எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுட்டா பிற்பாடு ‘மாத்திட்டாங்க’ன்னு பேச்சு வராது. மேலே ஒருத்தர் கடிகாரம் பத்தி எழுதினாரே, அது ரெக்கார்டருக்கும் பொருந்தும். எடுக்கிற நிமிஷத்தில் ரெக்கார்டர் மணிக்கும் நிஜ மணிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு குறிச்சுக்குங்க.

இன்னொரு பழைய வியாதி: டிஸ்க் செத்திருக்கும், ஆனா டிவியில் நேரலைப் படம் ஜம்முனு ஓடும். ரெக்கார்டருக்கு டிஸ்க் இல்லாமலும் படம் காட்டத் தெரியும். மாசம் ஒரு தடவை நேத்தைய தேதியைப் போட்டு பிளேபேக் பண்ணிப் பார்த்தா இது தெரிஞ்சிடும். யாரும் பார்க்கறதில்லை.

புள்ளியியல் பக்கத்திலிருந்து:

கேமராவோடு முகம் அறியும் மென்பொருளைச் சேர்த்தால் கதை வேறு. ‘99.9 சதவீதம் துல்லியம்’ என்று விற்பவர் சொல்லும்போது கூட்டம் எவ்வளவு பெரிது என்று கேட்க வேண்டும். 50,000 பேர் கடந்து போகும் இடத்தில் தேடப்படுகிறவர்கள் 10 பேர் என்று வைப்போம். ஆயிரத்துக்கு ஒரு தவறு என்றால் சும்மா போகிற 50 பேர் மீது மணி அடிக்கும். பத்துப் பேரையும் பிடித்துவிட்டதாகவே கொண்டாலும், மணி அடித்த 60 பேரில் 50 பேர் அப்பாவிகள். கருவி ஆயிரத்தில் ஒன்றுதான் தவறியது. ஆனால் பிடிபட்டவர்களில் ஆறில் ஐந்து பேர் தவறாகப் பிடிபட்டவர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

புகைப்படத்தைக் கொடுத்துத் தரவுத்தளத்தில் தேடச் சொல்வது இன்னும் சிக்கல். அந்த ஆள் தரவுத்தளத்திலேயே இல்லாவிட்டாலும், ‘மிக ஒத்த 50 பேர்’ என்று கேட்டால் மென்பொருள் 50 பேரை வரிசைப்படுத்தித் தரும். முதலில் நிற்பவர் மீது சந்தேகம் விழுந்துவிடும். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பல அல்காரிதங்களில் ஓர் இனக் குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் தவறான பொருத்தம் 10 முதல் 100 மடங்கு வரை வேறுபட்டது. எனவே ‘சராசரித் துல்லியம்’ என்ற ஒற்றை எண் யாருக்குப் பொருந்தும் என்பதே கேள்வி.

பொய் கண்டறியும் கருவியும் இதே கணக்கில்தான் விழுந்தது. அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2003இல் ஓர் உதாரணம் போட்டுக் காட்டியது: 10,000 ஊழியர்கள், அவர்களில் 10 உளவாளிகள். எட்டு உளவாளிகளாவது சிக்க வேண்டும் என்று கருவியைக் கூர்மையாக்கினால், கூடவே சுமார் 1,600 நிரபராதிகளும் சிக்குவார்கள். அது அளப்பது மூச்சு, நாடி, தோலின் ஈரம், பொய்யை அல்ல.

குறுக்கே ஒருவர்:

எல்லாம் சரி. ஆனால் பெட்டி வருவதற்கு முன்பு என்ன நடந்தது? மேற்பார்வையாளரின் நோட்டு. பிடித்தவருக்கு முழு நாள், பிடிக்காதவருக்கு அரை நாள். அந்த நோட்டுக்கு லாக் (யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவு) ஏது, த்ரெஷோல்ட் ஏது? கருவியின் தவறை அளந்து சொல்ல முடிகிறது. மனிதர்களின் ஓரவஞ்சனைக்கு எந்தத் தரநிலையும் இல்லை. கருவியை மட்டும் திட்டினால் நோட்டுக்காரர்கள்தான் சந்தோஷப்படுவார்கள்.

விரல்ரேகைக் கருவி சர்வீஸ் பார்ப்பவர்:

நியாயமான பேச்சு. ஆனால் ஒன்று. நோட்டுக்காரர் எங்கும் போய்விடவில்லை, பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கிறார். அட்மின் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

செவிலியர் பயிற்சி தருபவர்:

வீட்டு பி.பி. மிஷின் இந்தப் பட்டியலில் கட்டாயம் வர வேண்டும். அதில் வரும் எண்ணைப் பார்த்து மாத்திரையைத் தாங்களே கூட்டுகிறவர்களும் நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்து.

கையில் கட்டும் பட்டை காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்போது ரத்தக்குழாயின் துடிப்பு பட்டையில் அதிரும். அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்தைக் கருவி கண்டுபிடிக்கிறது. அது சராசரி அழுத்தம். மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் அதிலிருந்து கம்பெனியின் சொந்தச் சூத்திரத்தால் கணக்கிடுகிறது. இரண்டு கம்பெனி மிஷின்கள் ஒரே கையில் 5 பாயின்ட் வேறுபட்டால் எதுவும் கெட்டுப்போகவில்லை. இதயத்துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு இந்தக் கணக்கு தடுமாறும்.

பெரிய தவறு பட்டையின் அளவு. உள்ளே இருக்கும் காற்றுப் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும், அகலம் 40 சதவீதம். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் ஏறிக் காட்டும். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் எண் சராசரியாகச் சுமார் 20 பாயின்ட் கூடிக் காட்டியது. 20 பாயின்ட் என்பது ஒருவரை நோயாளி ஆக்கப் போதும். மேற்கையின் நடுவில் டேப் வைத்து அளந்துவிட்டு, பட்டையில் அச்சடித்துள்ள சென்டிமீட்டர் எல்லையைப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது இருக்கும் நிலை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ந்து, கால்கள் தரையில் படிந்து, கை மேசையில் இதய உயரத்தில் இருக்க வேண்டும். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் 8 பாயின்ட் கூடும். அது வெறும் ரத்தத்தின் எடை. பேசினால் 10 பாயின்ட் வரை ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டும் பார்க்கக் கூடாது. சட்டைக் கை மேல் கட்டக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரி எழுதுங்கள். ஒரே ஒரு எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், அதை மருத்துவரிடம் காட்டுவதற்கான குறிப்பாக வையுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் இரண்டு ஒளி அனுப்புகிறது: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. சில்லிட்ட விரல், நகப்பூச்சு, அசைவு மூன்றும் அதைக் குழப்பும். கார்பன் மோனாக்சைடு சேர்ந்த ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தம் என்றே எண்ணும். புகையில் சிக்கியவரின் விரலில் 98 காட்டினால் நம்பாதீர்கள். கருமையான தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் போக்கு 2020இல் வந்த ஆய்வில் தெளிவானது: மீட்டர் 92 முதல் 96 என்று காட்டியவர்களில், ரத்தப் பரிசோதனையில் உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், ஆளைப் பாருங்கள்.

பாதுகாப்பு ஆடிட் செய்பவர்:

கருவியை விடுங்கள், விதியைப் பாருங்கள். 90 நாளுக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்று, பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று. இதை உலகெங்கும் பரப்பியதில் நிஸ்ட் 2004இல் வெளியிட்ட ஆவணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை எழுதிய பில் பர், தாம் செய்ததில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017இல் பேட்டி கொடுத்தார். அதே ஆண்டு நிஸ்டே புது வழிகாட்டியில் கட்டாய மாற்றம் வேண்டாம் என்றது: கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் மாற்று, குறைந்தது 8 எழுத்து, 64 எழுத்து வரையாவது அனுமதி, கசிந்த பட்டியலில் உள்ளதை ஏற்காதே.

காரணம் எளிது. மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள். 2010இல் ஒரு பல்கலைக்கழகத்தின் பழைய கணக்குகளை ஆராய்ந்தபோது, முந்தைய பாஸ்வேர்டு தெரிந்தாலே 17 சதவீதக் கணக்குகளில் அடுத்ததை ஐந்து யூகத்துக்குள் பிடிக்க முடிந்தது. விதியை எழுதியவரே விட்டுவிட்டார், கீழே இருப்பவர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ‘ஆடிட்டில் கேட்பார்கள்’ என்பார்கள். ஆடிட் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்: ‘நிஸ்ட் 800-63பி படி மாற்றியமைத்தோம்’ என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் பெரும்பாலும் போதும். சில துறைகளில் ஒழுங்குமுறை ஆணையமே 90 நாள் என்று போட்டிருந்தால் மட்டும் வேறு வழியில்லை.

வகுப்பெடுப்பவர்:

‘இது ஏஐ எழுதியது, 87 சதவீதம்’ என்று சொல்லும் மென்பொருள்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒன்றை வெளியிட்டது. அவர்கள் சொன்ன கணக்கில் ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தை மட்டும் கண்டுபிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாக ஏஐ என்றது. ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மென்பொருள்களைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதம் ஏஐ என்று முத்திரை விழுந்தது. எளிய சொற்களில், எதிர்பார்க்கக்கூடிய வரிசையில் எழுதினால் இவை சந்தேகப்படும். இலக்கணம் பிசகாமல் கவனமாக எழுதும் மாணவர்தான் மாட்டுவார்.

மாணவர்களுக்குச் சொல்வது: எழுதும் மென்பொருளில் பதிப்பு வரலாற்றை ஆன் செய்து ஆரம்பத்திலிருந்தே அதிலேயே எழுதுங்கள். வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால் வரலாறு ஒரே வரியில் முடிந்துவிடும். ஆசிரியர்களுக்கு: சந்தேகம் வந்தால் பத்து நிமிடம் உட்காரவைத்துக் கட்டுரையைப் பற்றிக் கேளுங்கள். எழுதியவருக்குத் தெரியும்.

கணக்கு மென்பொருள் பக்கத்திலிருந்து:

இந்தத் தலைப்பில் பிரிட்டன் தபால் துறையின் ‘ஹொரைசன்’ விவகாரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1999 முதல் நிறுவப்பட்ட கணக்கு மென்பொருள். கிளைகளில் பணம் குறைவதாகத் திரையில் காட்டியது. 2015 வரை 900க்கும் மேற்பட்ட கிளை நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றார்கள். சிறைக்குப் போனவர்கள் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. உதவிக்கு அழைத்தவர்களிடம் ‘உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை’ என்றே சொல்லப்பட்டது. மென்பொருளில் கோளாறுகள் இருந்தன, கிளைக் கணக்கைத் தொலைவிலிருந்தே மாற்ற முடிந்தது என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2024இல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒரு சட்ட நுணுக்கம். கணினிச் சான்றைக் கொண்டுவருகிறவர் அந்தக் கணினி சரியாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்ற விதி அங்கே முன்பு இருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. பிறகு, தவறென்று காட்டாதவரை கணினி சரி என்ற அனுமானம்தான் மிஞ்சியது. தவறைக் காட்டத் தேவையான பதிவுகளோ எதிர்த்தரப்பின் கையில்.

எனவே ‘கணக்கில் குறைகிறது’ என்று வந்தால் கேட்க வேண்டியவை: பரிவர்த்தனை ஒவ்வொன்றும் நேரத்தோடு, பயனர் பெயரோடு உள்ள மூலப் பதிவு; அதே காலத்தில் அந்த மென்பொருளுக்குப் பதிவான கோளாறுப் பட்டியல்; எங்கிருந்தாவது யாராவது உள்ளே நுழைந்து திருத்தினார்களா என்ற அணுகல் பதிவு; இணைப்பு அறுந்து மீண்ட நேரங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். பதில் வராமல் திரை நின்றுபோய், திரும்ப அழுத்தியபோது ஒரே பரிவர்த்தனை இரண்டு முறை விழுவதுதான் இந்த வகை மென்பொருள்களின் பழைய நோய். குறையும் தொகை ஏதேனும் ஒரு பரிவர்த்தனைக்குச் சரியாகச் சமமா, அல்லது அதன் இருமடங்கா என்று முதலில் பாருங்கள். வரவைச் செலவாகப் போட்டால் வித்தியாசம் எப்போதும் தொகையின் இருமடங்கு. வித்தியாசம் 9ஆல் மீதமின்றி வகுபட்டால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 54க்குப் பதில் 45. இது காகிதக் காலத்து வித்தை, இன்றும் வேலை செய்கிறது.

விரல்ரேகைக் கருவி சர்வீஸ் பார்ப்பவர்:

சொன்னபடி அட்மின் பக்கம். வருகையைக் கேட்டால் அழகாக அச்சடித்த மாத அறிக்கையைக் கொடுப்பார்கள். அது சமைத்த சோறு. அரிசி வேறெங்கோ இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது மூலப் பதிவு: பணியாளர் எண், தேதி, விநாடி வரை நேரம், எப்படிச் சரிபார்த்தது. அறிக்கை மென்பொருள் அதை எடுத்து, சலுகை நேரம் 10 நிமிஷம், கால் மணிக்கு முழுமையாக்கு, இரண்டு நிமிஷத்துக்குள் இரண்டாவது பதிவு வந்தால் தள்ளு என்று விதிகளைப் பூசும். கால் மணிக்கு முழுமையாக்கும் விதி வரும்போது மேல்நோக்கியும் போகும்போது கீழ்நோக்கியும் வைக்கப்பட்டிருந்தால், 9:01க்கு வந்து 5:59க்குப் போனவருக்கு 9:15 முதல் 5:45 வரைதான் கணக்கு. இரண்டு நிமிஷக் குறை அரை மணி நேரமாகிவிடும்.

‘கைமுறைப் பதிவு’ என்ற வசதியும் உண்டு. அட்மின் உட்கார்ந்த இடத்திலிருந்து யாருக்கும் ஒரு வருகையைச் சேர்க்கலாம், நீக்கலாம். நல்ல மென்பொருளில் அது தனி நிறத்திலோ நட்சத்திரக் குறியோடோ வரும், யார் எப்போது செய்தார் என்ற லாக்கும் இருக்கும். அறிக்கையை அச்சிடும்போது அந்தக் குறியை மறைக்கும் டிக் பெட்டியும் சில மென்பொருள்களில் இருக்கிறது.

அதனால் சண்டை வந்தால் மாத அறிக்கையைக் கேட்காதீர்கள். பெட்டியின் யுஎஸ்பி முனையில் பென் டிரைவ் செருகி, மெனுவில் பதிவிறக்கம் போய், வருகைப் பதிவு என்பதைத் தேர்ந்தெடுத்தால் பல மாடல்களில் மூலக் கோப்பு நேரடியாக இறங்கும். சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான், எந்தக் கணினியிலும் திறக்கும். நேரத்துக்குப் பக்கத்தில் சரிபார்ப்பு முறைக்கு ஒரு எண் இருக்கும்: விரல், அட்டை, பாஸ்வேர்டு ஒவ்வொன்றுக்கும் தனி எண், மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பட்டியல் உண்டு. விரல் மட்டுமே பதிவான ஆளுக்குப் பாஸ்வேர்டு எண்ணில் வருகை விழுந்திருந்தால், அல்லது அறிக்கையில் உள்ள ஒரு நேரம் இந்தக் கோப்பில் இல்லவே இல்லை என்றால், கேள்வியை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள். பெட்டி சில ஆயிரம் முதல் ஒரு லட்சம் பதிவு வரைதான் வைத்திருக்கும். நிறைந்தால் பழையதை நீக்கும், அல்லது அட்மினே ‘லாக் கிளியர்’ அழுத்துவார். இரண்டு மாதம் யோசித்துவிட்டுக் கேட்கப் போகாதீர்கள்.